என் ரத்தத்தில் இருந்தது

சவுசவு
19 ஜூன் 2023

கர்த்தருக்குள் பிரியமாய் இருந்த தம்பி இசிகேலிக்கு,

‘இருந்த’ என்று எழுதியதைக் கவனித்திருப்பாய். தெரிந்துதான் எழுதினேன்.

நீ தோற்றுப்போன செய்தி உன்னிடமிருந்து வரவில்லை. வெள்ளிக்கிழமை கப்பலில் வந்த கணக்குக்காரன் பர்சர் தெவிதா துறையில் நின்று உரக்கச் சொன்னான். “டீச்சர், கேப்டனோட பன்னெண்டாவது டெஸ்டு போச்சு. ரத்தத்துல குடி இருக்குதாம்.” பக்கத்தில் மீன் வாங்கிக்கொண்டிருந்த நான்கு பெண்களும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

குடித்துவிட்டுக் கப்பலைத் துறைமேடையில் கொண்டுபோய் இடித்தாயே, அன்றைக்கே உன் உரிமத்தை அடியோடு பிடுங்கியிருக்கலாம். கப்பல் வாரியம் இரக்கப்பட்டது. ஒரு வருஷம், மாதம் ஒரு ரத்தப் பரிசோதனை, பன்னிரண்டும் சுத்தமாக இருந்தால் மறுபடி கேப்டன் என்று சொன்னது. பதினொன்றைத் தாண்டிவிட்டுப் பன்னிரண்டாவதில் விழுந்திருக்கிறாய். உனக்கு வெட்கமாக இல்லையா?

மே ஐந்தாம் தேதியை நான் மறக்கவில்லை. சித்தப்பாவின் சாவு வீட்டில் பாயில் உட்கார்ந்திருந்தவன் ரத்தமாக வாந்தி எடுத்தாய். முழங்கால் வலிக்குத் தின்ற மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கிவிட்டது என்றார்கள். மருத்துவமனையில் உன் வகை ரத்தம் ஒரு பைகூட இல்லை. “சொந்தக்காரங்க யாராவது குடுத்தாத்தான் உண்டு” என்று நர்ஸ் சொன்னதும் நானும் சித்தப்பா மகன் மோசேசேயும் கையை நீட்டினோம். அந்த ஐம்பத்தெட்டு வயதுக் கையால்தான் இதை எழுதுகிறேன். என் ரத்தத்தை உனக்குக் கொடுத்தேன். அதில் நீ சாராயத்தை ஊற்றினாய்.

நேற்று மகளிர் சங்கத்தில் எழுந்து நின்று, குடிக்கு அடிமையான என் தம்பி இசிகேலிக்காக ஜெபியுங்கள் என்று பெயரைச் சொல்லியே கேட்டேன். தலைவியாக இருந்துகொண்டு மூடி மறைக்க என்னால் முடியாது. நீ நம் ஊர் முறைப்படி ஆள் வைத்துத் திமிங்கிலப் பல் கொண்டுவந்து என்னிடம் மன்னிப்புக் கேட்கும்வரை இந்த வீட்டுப் படி ஏறாதே.

உன் அக்கா,
உனாய்சி

பி.கு. வயிற்றுக்குக் காரம் சேர்க்காதே.


சுவா
25 ஜூன் 2023

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

வளர்ந்த அக்காவும் தம்பியும் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளாத வழக்கம் நமக்கு நல்லதாகப் போயிற்று. நேரில் என்றால் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பேன். கடிதம் என்பதால் யோசித்துச் சொல்கிறேன்: நான் குடிக்கவில்லை.

வாரியத்துக்குப் போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் தாளை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. “கேப்டன், மிஷின் பொய் சொல்லாது. மனுஷன்தான் சொல்லுவான்.”

“அப்போ அந்த மிஷினையே கப்பல ஓட்டச் சொல்லுங்க” என்றேன். அதையும் குறித்துக்கொண்டார்.

அக்கா, அந்தச் சோதனை மேல் எனக்குக் கோபமில்லை. அது வாயால் ஊதிப் பார்ப்பது போன்றதில்லை. குடித்தவனின் சிவப்பணுக்களில் ஒரு கறை படிகிறது. குடித்ததெல்லாம் வடிந்த பிறகும் மூன்று நான்கு வாரம் அது நிற்கும். பெத் என்று அதற்குப் பெயர். எடுத்த ரத்தத்தைப் பிரிஸ்பேனுக்கு அனுப்பி அந்தக் கறையைத்தான் அளக்கிறார்கள். ஊரே என்னை நம்பாத பதினொரு மாதமும் எனக்காகச் சாட்சி சொன்னது அந்தச் சோதனை ஒன்றுதான். அதனால்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்த மறுநாளே, நிற்கக்கூடத் தெம்பில்லாமல், மே பத்தாம் தேதி போய்க் கையை நீட்டினேன். ஒரு நாள் தள்ளிப்போட்டாலும் சந்தேகப்படுவார்கள் என்று பயந்தேன்.

நான்கு நாள் கட்டிலில் கிடந்தவன் எப்போது ஐயா குடித்தேன் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலைக் கேளுங்கள். ஏப்ரலில் குடித்திருப்பேனாம். அதனால்தான் மே மாதம் ரத்த வாந்தியே வந்ததாம்! என் நோயையே எனக்கு எதிராகச் சாட்சிக்கு நிறுத்திவிட்டார்கள். ரத்தம் ஏற்றியதைச் சொன்னேன். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லையாம்.

ஆகஸ்டு 24 மேல்முறையீடு. அதிலும் தோற்றால் என் உரிமம் இனி எப்போதும் இல்லை. பிரிஸ்பேன் ஆய்வகத்து டாக்டருக்கு எழுதியிருக்கிறேன்.

திமிங்கிலப் பல் கொண்டுவர மாட்டேன். செய்யாத தப்புக்கு எதற்கு?

உங்கள் தம்பி,
இசிகேலி


சுவா
11 ஜூலை 2023

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் பதில் போடவில்லை. பரவாயில்லை, இந்தக் கடிதத்தைச் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன்.

பிரிஸ்பேன் டாக்டரம்மா பதில் எழுதிவிட்டார். நான் கேட்டதைக் காது கொடுத்துக் கேட்ட முதல் ஆள் அவர்தான். அவர் எழுதியிருப்பது இது: அந்தக் கறை சிவப்பணுக்களிலேயே குடியிருப்பதால், ஒருவருக்கு ரத்தம் ஏற்றும்போது கொடுத்தவரின் கறையும் சேர்ந்தே வந்துவிடலாம். குடிக்காதவனுக்குக் குடித்தவரின் ரத்தத்தை ஏற்றி, சில நாளில் சோதித்தால், குடித்தவன் என்றே காட்டும்.

பாருங்கள் அக்கா, கறை எனக்குள் வந்த வழி தெரிந்துவிட்டது!

உங்கள் ரத்தப் பைகளை அப்போதே எறிந்துவிட்டார்கள். ஆகவே ரத்தம் கொடுத்த இரண்டு பேரும் அதே சோதனையைச் செய்துகொண்டு சீட்டைக் கொடுத்தால் மேல்முறையீட்டில் வைக்கலாம் என்கிறார். மோசேசே சரி என்றுவிட்டான். ஆனால் அவன் சனிக்கிழமை ஓய்வுநாள் அனுசரிக்கும் சபைக்காரன், தேநீரையே தொடாதவன். நீங்களோ மகளிர் சங்கத் தலைவி. இதில் யார் என்று எனக்கே குழப்பமாகத்தான் இருக்கிறது. மோசேசே சபைக்குத் தெரியாமல் எங்கேயாவது வேலை காட்டுகிறானோ என்னவோ! எதற்கும் நீங்களும் லம்பாசா ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு குத்து குத்திக்கொண்டு வந்துவிடுங்கள். முறைக்காகத்தான்.

உங்கள் தம்பி,
இசிகேலி


சவுசவு
15 ஜூலை 2023

இசிகேலிக்கு,

முறைக்காகவா? எந்த ஊர் முறை? பெரியவள் எதிரே தம்பி குரலை உயர்த்தக் கூடாது என்பது நம் முறை. நீ அவள் ரத்தத்தையே சோதிக்கச் சொல்கிறாய்.

உன் பாட்டிலை என் கழுத்தில் கட்டப் பார்க்கிறாயா? அம்மா போனபோது உனக்கு ஏழு வயது. உனக்குச் சோறு ஊட்டினேன், எழுத்து சொல்லிக்கொடுத்தேன், கப்பல் பள்ளிக்குக் கட்டணம் கட்டினேன். என் புருஷன் ஏரோனி செத்து இரண்டு வருஷம் ஆகிறது. ‘அக்கா, தனியா எப்படி இருக்கீங்க’ என்று நீ ஒரு வரி எழுதியதுண்டா? இப்போது என் ரத்தம் வேண்டுமென்றால் மட்டும் சிரித்துக்கொண்டே எழுத வருகிறது உனக்கு.

ஊசி என்றாலே எனக்கு மயக்கம் வரும். லம்பாசா பஸ் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. சங்கத்துக் கண்காட்சி வேலை வேறு இருக்கிறது. இதைப் பற்றி இனி எழுதாதே.

உனாய்சி


சுவா
21 ஜூலை 2023

அக்கா,

கடைசியாக ஒரு முறை எழுதுகிறேன்.

மோசேசேயின் சீட்டு வந்தது. சுத்தமாக இருக்கிறது. அவனைச் சந்தேகப்பட்டு எழுதியதற்கு அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். “விடு கேப்டன், வேணும்னா இன்னொரு பை குடுக்கறேன்” என்றான்.

மீதி இருப்பது ஒரு பை.

தெவிதாவிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை, அவனாகவே சொன்னான். “உங்க அக்கா கேக்குக்குன்னு வாராவாரம் ரெண்டு பாட்டில் ரம் வாங்கியாரச் சொல்லுவாங்க கேப்டன். ஏரோனி ஐயா செத்ததுலேருந்து வாங்கிக் குடுக்கறேன். ஒரு துண்டு கேக்காவது என் கண்ணுல காட்டியிருப்பாங்களா?”

கணக்கும் போட்டுப் பார்த்துவிட்டேன். என் சீட்டில் எண் 84. உடம்பிலிருக்கும் மொத்த ரத்தத்தில் ஒரு பை என்பது பத்தில் ஒரு பங்குதான் வரும். அப்படியானால் அந்தப் பையில் எண்ணூறு, தொள்ளாயிரமாவது இருந்திருக்க வேண்டும். இருநூறைத் தாண்டினாலே கடும் குடி என்று டாக்டரம்மா எழுதுகிறார். என் மோசமான நாட்களில்கூட எனக்கு அவ்வளவு இருந்திருக்குமா என்று தெரியவில்லை. உங்கள் பெயரை நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் அனுமதி இல்லாமல் சொல்லவும் மாட்டேன்.

நீங்கள் குடிப்பதில் எனக்குக் கோபம் இல்லை அக்கா. நானும் குடிகாரன். தனியாக எப்படி இருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை என்பதும் உண்மை. என் கோபமெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமை மேல்தான். வீட்டில் பாட்டிலை வைத்துக்கொண்டு, சபை நடுவில் நின்று, குடிகாரன் என்று என் பெயரைச் சொன்னீர்களே! அதற்கு வாய் எப்படி வந்தது?

அந்தக் கறை நிரந்தரமில்லை. நான்கு வாரம் தொடாமல் இருந்தால் உங்கள் ரத்தத்திலிருந்து முக்கால்வாசியாவது போய்விடும். அதற்குள் மேல்முறையீடும் முடிந்துவிடும், நான் சாகும்வரை பொய்யன். உங்களை நிறுத்தச் சொல்லிக் கெஞ்ச வேண்டியவன் நான். நிறுத்திவிடாதீர்கள், முதலில் போய்க் கையை நீட்டுங்கள் என்று எழுத வேண்டியிருக்கிறது. இப்படி ஒரு நிலைமையில் என்னை வைத்த வாரியமும் நீங்களும் நன்றாக இருங்கள்.

இசிகேலி


சவுசவு
14 ஆகஸ்டு 2023

கர்த்தருக்குள் பிரியமான தம்பி இசிகேலிக்கு,

எழுத்து கோணலாக இருக்கும். குடியை விட்டதில் கை நடுங்குகிறது. டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார், ஒரு வாரத்தில் சரியாகும் என்கிறார்.

உன் கடிதத்தைக் கிழித்துப்போட்டேன். பிறகு குப்பைக்கூடையிலிருந்து பொறுக்கி ஒட்டிப் படித்தேன். நீ பயந்த வழியைத்தான் முதலில் பிடித்தேன், அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பாட்டிலைக் கழுவும் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, நான்கு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம், பிறகு யார் வேண்டுமானாலும் குத்திப் பார்க்கட்டும் என்று இருந்தேன். மூன்று நாள் தொடவில்லை. என்னைப் பற்றி எனக்கே பெருமையாகக்கூட இருந்தது. நான்காம் நாள் காலை வாசல் கூட்டும்போதுதான் உறைத்தது. நான் ஒவ்வொரு நாள் சுத்தமாக ஆக, நீ ஒவ்வொரு நாள் பொய்யனாகிக்கொண்டிருக்கிறாய். துடைப்பத்தைப் போட்டுவிட்டு லம்பாசா பஸ் ஏறினேன்.

அங்கே ஊசி குத்தியவள் என்னிடம் நான்காம் வகுப்பு படித்த வாசித்தி. “டீச்சர், நீங்க எதுக்கு இந்த டெஸ்டு?” என்று கேட்டாள்.

“கேள்வி கேக்காதடி, குத்து” என்றேன்.

சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். 910. இரண்டு வருஷமாக ஒரு மனிதருக்கும் சொல்லாததை ஒரு தாள் மூன்று இலக்கத்தில் சொல்லிவிட்டது. ஏரோனி போன மாதம் தூக்கத்துக்காகத் தேநீரில் ஒரு ஸ்பூன் விட்டேன். எப்போது தேநீரை நிறுத்தினேன் என்று நினைவில்லை. ரத்தம் எடுத்த அன்று “குடிப்பழக்கம் உண்டா” என்று நர்ஸ் கேட்டாள். “சபைக்காரியைப் பார்த்துக் கேக்கற கேள்வியா இது” என்று அதட்டினேன். பாவம், அவள்தான் மன்னிப்புக் கேட்டாள்.

வாரியத்துக்கு நான் கையெழுத்திட்டு எழுதிய வாக்குமூலமும் உள்ளே இருக்கிறது. மே ஐந்தாம் தேதி ரத்தம் கொடுத்தேன், அன்றும் அதற்கு முன் பல மாதங்களாகவும் தினமும் ரம் குடித்துவந்தேன் என்று தேதி போட்டு எழுதியிருக்கிறேன். அந்த மேஜைக்காரர் தலையை நிமிர்த்திப் படிக்கிறாரா என்று பார். படிவத்தில் கட்டம் இல்லை என்று மறுபடி சொன்னால் எனக்கு எழுது, நானே கப்பலேறி வந்து ஒரு கட்டம் போட்டுக் கொடுக்கிறேன்.

நேற்று சங்கத்தில் எழுந்து நின்றேன். உன் பெயரைச் சொன்ன அதே இடத்தில் நின்று என் பெயரைச் சொன்னேன். இரண்டு பேர் அழுதார்கள். செயலாளர் லாவேனியா, “அப்போ அந்த கேக்கெல்லாம்?” என்று கேட்டாள். தலைவி பதவியை அவளிடமே கொடுத்துவிட்டேன், அனுபவிக்கட்டும்.

உன் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. ஒரு துண்டு தாளில் அக்காவின் மானத்தைப் பெருக்கிக் கூட்டிக் கணக்குப் போட்டாய். கணக்குச் சரியாக வந்ததுதான் கோபம். ஆனால் என் ரத்தத்தில் நீ சாராயத்தை ஊற்றினாய் என்று எழுதினேனே, அதை நினைத்தால்தான் நெஞ்சு வெந்துபோகிறது. ஊற்றியது நான். உன் உயிரைக் காப்பாற்றியதாக மார் தட்டிக்கொண்டே உன் பெயரைக் கொன்றுவிட்டேன்.

உன்னிடம் கேட்ட திமிங்கிலப் பல்லை நானே தெவிதாவிடம் கொடுத்தனுப்புகிறேன். ஏரோனியின் தகப்பனார் வைத்திருந்தது. என் சார்பில் முறைப்படி பேச மோசேசே அந்தக் கப்பலிலேயே வருகிறான். வாங்கிக்கொள்வதும் திருப்பி அனுப்புவதும் உன் இஷ்டம்.

திருப்பி அனுப்பினாலும் சீட்டை மட்டும் வைத்துக்கொள். இருபத்து நான்காம் தேதி காலையில் எடுத்துப்போக மறந்துவிடாதே.

உன் அக்கா,
உனாய்சி