தார் ஒட்டிய காலுறை

மார்ச் 2, திங்கள்

எங்கள் நாய் தடியன் நொண்டுகிறான். சோபாவில் ஏற நாலு தடவை யோசித்தான். பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன் — ஐயோ! அடியில் மெத்தைபோல் இருக்கும் கறுப்புத் தோல் பாளம் பாளமாக வெடித்திருக்கிறது. வலது முன்னங்காலில் ரத்தம். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் தினமும் நூறு பேர் கையில் ஊசி குத்துகிறவள் நான். இந்த ஒரு துளியைத் துடைக்கப் பஞ்சைத் தேடி வீடெல்லாம் ஓடினேன்.

இவரிடம் காட்டினேன். "வறண்ட காத்துக்கு வெடிச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளுக்குள் போய்விட்டார். பத்தொன்பது வருஷமாகக் கட்டட வரைபடம் போடுகிற மனிதர். வீட்டில் ஒரு கோணலும் கண்ணில் படாது.

மார்ச் 3, செவ்வாய்

நாய் டாக்டரம்மா கேட்டார்: "ரொம்ப நடக்குறானா? வெயில்ல, தார் ரோட்டுல?"

"எங்க டாக்டர்! நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுவோம். பகல் பூரா பூட்டின வீட்ல தூக்கம்தான். காலையில பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம்."

மேலும் கீழும் பார்த்தார். புளுகுகிறேன் என்று நினைத்துவிட்டார். எனக்கு மானம் போயிற்று.

வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, விரலிடுக்கில் ஈரம் இல்லாமல் துடைத்து, களிம்பு தடவ வேண்டும். நக்கிவிடாமல் பத்து நிமிஷம் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மார்ச் 5, வியாழன்

இவர் பிடிக்க, நான் தடவ. தடியன் காதுக்குள் "மன்னிச்சுக்கடா, மன்னிச்சுக்க" என்று முணுமுணுக்கிறார். களிம்பு எரியும்போல. இளகிய மனசு இவருக்கு.

மார்ச் 8, ஞாயிறு

அப்பாடா. வெடிப்பு ஒட்டிக்கொண்டு வருகிறது.

மார்ச் 9, திங்கள்

மறுபடியும் ரத்தம். எப்படி?

மார்ச் 10, செவ்வாய்

காலையில் நாலு காலுக்கும் பருத்திக் காலுறை மாட்டிவிட்டுப் போனேன். சாயங்காலம் கழற்றினால் அடிப்பக்கம் நைந்து ஓட்டை. பொடிக்கல். கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். தார்.

பூட்டிய வீட்டுக்குள் தார் எப்படி வரும்? இவரைக் கேட்டால் முகத்தில் ஈயாடவில்லை. "பால்கனித் தரை உரிஞ்சிருக்கும்" என்கிறார். யார் காதில் பூச்சுற்றுகிறார்? இல்லை, நிஜமாகவே ஒன்றும் தெரியாதா? வேறு யாரிடமாவது நம் வீட்டுச் சாவி இருக்குமோ?

மார்ச் 11, புதன்

அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டுப் பதினொரு மணிக்கு வீடு திரும்பினேன். பூட்டு போட்டபடி இருந்தது. உள்ளே தடியன் இல்லை. கட்டிலுக்கடியில், குளியலறையில், அலமாரிக்குள்கூடத் தேடினேன். கடவுளே, தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்! இவருக்கு போன் போட்டேன்.

"எங்க இருக்கீங்க?"

"ஆபீஸ்லதான். மீட்டிங். அப்புறம் பேசுறேன்."

பின்னாலேயே ஒரு குரைப்பு. தடியனின் கரகரத் தொண்டை! ஆயிரம் நாய் குரைத்தாலும் எனக்குத் தெரியாதா?

"உடனே வீட்டுக்கு வாங்க" என்றேன். அவன் விடாமல் குரைத்துக்கொண்டிருந்தான்.

முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். ஆபீஸ் சட்டை, தோளில் பை, கையில் நாய். நவம்பரிலேயே வேலை போய்விட்டதாம். நாலு மாசம்! கடைசியாகக் கம்பெனி கொடுத்ததை மாசாமாசம் சம்பளம்போலக் காட்டியிருக்கிறார். நான் ஏழு மணிக்குக் கிளம்பியதும் தடியனை இழுத்துக்கொண்டு ஊரெல்லாம் நடை.

"பகல்ல வீட்டுக்குள்ள உக்கார முடியல. தனியா நடந்தா வேலவெட்டி இல்லாதவன்னு பாக்குறாங்க. நாயோட நடந்தா யாரும் ஒண்ணும் நினைக்கிறதில்ல."

"அட மனுஷா! அதுக்குன்னு ரத்தம் வர்ற காலோடயா? தினமும் நீங்கதானே அவனப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தீங்க? அப்பவாவது வாயத் தொறந்திருக்கக் கூடாதா?"

"அவன் கால் ஆறட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

"நடந்துக்கிட்டே இருந்தா எப்படிங்க ஆறும்?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்து அழுதார். இவர் அழுது நான் பார்த்ததே இல்லை. நான் அழவில்லை, மரத்துப்போய் நின்றேன்.

மார்ச் 12, வியாழன்

களிம்பு மட்டும் தடவினோம்.

மார்ச் 14, சனி

பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "நான் என்ன பேயா, பிசாசா? எங்கிட்ட சொல்ல என்ன பயம்?"

"தினமும் காலையில 'நேரமாச்சு, இன்னும் குளிக்கலையா'ன்னு கேப்ப. குளிச்சுட்டா சட்டை போடணும். சட்டை போட்டா கிளம்பணும். அப்படியே போயிடுச்சும்மா."

நாலு மாசமாக நான்தான் துரத்தினேனா? ரத்தக் குழாயை விரலாலேயே கண்டுபிடிக்கிற கெட்டிக்காரி என்று பெயர் எனக்கு. பக்கத்தில் படுத்திருந்தவர் தெரியவில்லையே.

மார்ச் 16, திங்கள்

மூன்று பேருமாக டாக்டரம்மாவிடம் போனோம். ஒரு வெடிப்பு ஆழமாகப் போய்விட்டதாம்.

"பதினஞ்சு நாள் நடையே கூடாது. அவன் நக்காம பாத்துக்க, பகல் பூரா யாராவது பக்கத்துலயே இருக்கணும். ஆள் இருக்கா?"

என் தங்கை வந்து இருப்பாள் என்று பொய் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். எனக்குத் தங்கையே கிடையாது!

அதற்குள் இவர் சொன்னார்: "நான் இருக்கேன் டாக்டர். எனக்கு வேலை போயிடுச்சு. இப்ப வீட்லதான்."

தூக்கிவாரிப்போட்டது எனக்கு. டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த மருந்துச் சீட்டிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"ரொம்ப நல்லதாப் போச்சு. ஒரு நாளைக்கு மூணு வேளை தடவணும்."

"எந்தெந்த நேரத்துல டாக்டர்?" என்று கேட்டு, இவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.