ஞாயிற்றுக்கிழமை வள்ளம் ஏறிய அமைச்சர்

எங்கள் மீன்பிடித் துறைமுகத்தின் முகத்துவார விளக்கு எரியவில்லை. மழை தொடங்கியதிலிருந்து எரியவில்லை. ஆனால் அது எரிகிறது என்றும், அதைப் பராமரிக்கப் பணம் செலவாகியிருக்கிறது என்றும் சட்டமன்றத்தில் பதில் சொல்லியிருக்கிறார்கள். அநியாயம் இதுதான், அண்ணாச்சி. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது.

நேற்று இதற்காகத்தான் தக்கலைக்குப் போனேன். துறைமுக அதிகாரி ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். திரும்பும்போது சந்தையில் ஒரு பெண் நாரத்தங்காய் குவித்து வைத்திருந்தாள். ஒன்றை எடுத்து நகத்தால் கீறி மூக்கில் வைத்தேன். "வாங்குறதுண்ணா வாங்கும், இல்லேண்ணா கீழ வையும்" என்றாள். வாங்கினேன். வாசனை ஏறியதும் வள்ளத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்த கோலம் கண்முன் வந்துவிட்டது. தனியாகச் சிரித்துக்கொண்டு பஸ் ஏறிய கிழவனை நடத்துநர் ஒரு மாதிரிப் பார்த்தார்.

நம் பழக்கமே சண்டையில்தான் தொடங்கியது. நீங்கள் வயல்காரர். இனயத்தைத் தாண்டி எங்கள் கரைக்கு ஓட்டுக் கேட்டு வந்தபோது, நான் வழியை மறித்து, அலைத் தடுப்புச் சுவர் பாதியில் நிற்பது ஏன் என்று கேட்டேன். கூட வந்தவர்கள் என்னைத் தள்ளப் பார்த்தார்கள். நீங்கள் அவர்களை விலக்கிவிட்டு, "நான் ஜெயிச்சா வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு வாரும், ஓய். இதே கோபத்தோட வாரும்" என்றீர்கள். ஜெயித்தீர்கள். வந்தேன். அதன்பிறகு எத்தனையோ வெள்ளிக்கிழமைகள், உங்கள் மேசைக்கு எதிரே உட்கார்ந்து கத்தியிருக்கிறேன். நான் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவன். பொட்டலம் கட்டி வந்த செய்தித்தாளில் எழுத்துக் கூட்டிப் படித்தவன். அப்படியிருந்தும் ஒரு நாள்கூட என்னை அரைகுறையாகக் கேட்டதில்லை நீங்கள்.

சுவர் பாதியில் நின்றதால் முகத்துவாரத்தில் மணல் குவியும். மணல் குவிந்த இடத்தில் அலை எழும்பி வள்ளத்தைக் கவிழ்க்கும். இதை நீங்கள் அவையில் கேட்டதற்கு, பணி முடிந்துவிட்டது, பாதுகாப்பாக இருக்கிறது என்று அமைச்சர் வாசித்தார். மற்றவர்களாக இருந்தால் உட்கார்ந்திருப்பார்கள். "முதல் கேள்விக்கு அதிகாரி எழுதிக் குடுப்பான் ஓய், ரெண்டாவது கேள்விக்குத்தான் மந்திரி பதில் சொல்லணும்" என்பீர்களே, அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டீர்கள். "அவ்வளவு பாதுகாப்பு என்றால், கடல் பொங்குகிற ஆடி மாதம் என்னோடு ஒரு வள்ளத்தில் அந்த வழியே போய்வர அமைச்சர் தயாரா?" அவை சிரித்தது. அமைச்சரும் சிரித்துக்கொண்டே தயார் என்றார். நல்ல மனுஷன். சொன்னபடி வந்தார்.

நாள் குறிக்கச் சொன்னார்கள். எங்கள் ஊர்க் கமிட்டி ஞாயிற்றுக்கிழமை என்றது; அன்றுதான் எல்லோரும் ஊரில் இருப்பார்கள். ஏன் ஊரில் இருப்பார்கள் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்து ஊரே கரையில் கூடியிருக்கிறது, அமைச்சருக்குப் பொன்னாடையும் போர்த்தியாயிற்று, வள்ளம் தள்ள ஓர் ஆள் முன்வரவில்லை. நீங்கள், கடலில் குமட்டாமலிருக்கக் கொண்டுவந்த நாரத்தங்காயைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தீர்கள்.

"இண்ணு ஞாயிறாக்கும், அண்ணாச்சி. எனக்க வள்ளம் எறங்காது" என்றேன்.

"ஓய், நான் மீன் பிடிக்கவா கூப்பிட்டேன்? கேள்வி கேக்கத்தானே கூப்பிட்டேன்."

பங்குத்தந்தை சிரித்துவிட்டார். வலையைக் கரையில் இறக்கி வைத்துவிட்டுப் போனால் அது மீன்பிடிப்பு ஆகாது என்று தீர்ப்புச் சொன்னார். இறக்கினோம். பொன்னாடையைக் கழற்றி அமைச்சருக்கு உயிர்காப்புச் சட்டையை மாட்டினேன்.

வலைதான் வள்ளத்துக்குப் பாரம். அது இல்லாத வள்ளம் முகத்துவாரத்தில் தேங்காய் நெற்று போல எகிறியது. இரண்டாவது அலையில் அமைச்சர் முழுக்க நனைந்து, உங்கள் இடுப்பைக் கட்டிக்கொண்டார். நீங்களே முகம் வெளிறி நாரத்தங்காயை முகர்ந்துகொண்டிருந்தீர்கள். அதைக் கடித்துப் பாதியை அவரிடம் கொடுத்துவிட்டு, அவையில் பேசுகிற அதே குரலில், "மாண்புமிகு அமைச்சர் அவர்களே, பணி முடிந்துவிட்டதா?" என்று கேட்டீர்கள்.

"முடியல" என்றார் அவர். "மொதல்ல கரைக்குப் போவோம்."

"அவைக் குறிப்பில் ஏத்திக்கிடும், ஓய்" என்றீர்கள் என்னைப் பார்த்து. சிரிப்பில் சுக்கான் என் கையிலிருந்து நழுவப் பார்த்தது. அடுத்த ஆடிக்குள் சுவர் நீண்டது. அதன் முனையில் விளக்கும் வந்தது. உங்கள் பேச்சுகளை இன்று யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. அந்த விளக்கைப் பார்த்து வள்ளம் திருப்பியவர்கள் உங்களை மறக்கவில்லை.

நீங்கள் கண்மூடிய பிறகு வந்த உறுப்பினர் சின்ன வயது. மரியாதையான பையன். விளக்கைப் பற்றிக் கேட்டார், எரிகிறது என்றார்கள், நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார். போன வாரம் விடியும் முன்னே கரைக்குத் திரும்பிய என் இளைய மகனின் வள்ளம் அந்தச் சுவரின் கல்லில் மோதியது. முன்பக்கம் உடைந்தது. நீந்தி வந்தான். "விளக்கு எரியுதுண்ணு சட்டசபையில சொல்லியாச்சுல்லா, அப்பா? எனக்குத்தான் கண்ணு தெரியல" என்று தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னான். அவன் அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு வந்தது, பிறகு தூக்கம் வரவில்லை.

ஆகவே நடக்க வேண்டியவற்றை எழுதுகிறேன். அதிகாரி பதில் எழுதுவதற்கு முன் முகத்துவாரத்துக்கு வந்து அண்ணாந்து பார்க்க வேண்டும். பராமரிக்கப் பணம் வாங்கியவர் எதைப் பராமரித்தார் என்று அமைச்சர் அவையில் சொல்ல வேண்டும். சொன்ன தவறான பதிலை அங்கேயே திருத்த வேண்டும். புதிய உறுப்பினர் நன்றி சொல்வதைக் கொஞ்சம் தள்ளிப்போட வேண்டும். வெள்ளிக்கிழமை அவர் மேசைக்கு எதிரே நான் போய் உட்கார வேண்டும். உட்காருவேன், அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், அண்ணாச்சி, உங்கள் பங்கைச் செய்துவிட்டீர்கள். விளக்கு எரியும்வரை விடிந்த பிறகு கரைக்கு வா என்று மகனிடம் சொல்லிப் பார்த்தேன். விடிந்து வந்தால் மீனுக்கு விலை இல்லை என்கிறான். அவன் சொல்வதும் சரிதான். எனவே அவன் இருட்டில்தான் வருவான். விளக்குத்தான் எரிய வேண்டும்.