எட்டு அறை, இரண்டு அடுப்பு

1986 மே 18, ஞாயிறு

அக்னி நட்சத்திரம். காலை எட்டு மணிக்கே மாடித் தரையில் கால் வைக்க முடியவில்லை. வடகம் பிழிந்து காயவைத்தேன். காக்கை ஓட்ட ஆளில்லை. பழைய கறுப்புக் குடையை விரித்து நடுவில் வைத்தேன். ஒரு காக்கை கூட வரவில்லை.

மத்தியானம் இவருடைய அண்ணன், என் மூத்தார், வந்தார். கூடவே இஞ்சினியர். ட்ரங்க் ரோட்டு மனையில் லாட்ஜ் கட்டப் பிளான் ரெடி. நீலக் காகிதத்தைக் கூடத்தில் விரித்து நாலு மூலைக்கும் டம்ளர் வைத்தார்கள். மாடியில் எட்டு அறை. கீழே ஆபீஸ், கார் நிற்க இடம், தென்கிழக்கில் ஒரு பெரிய ஹால். ஹாலுக்குள் மூன்றே இங்கிலீஷ் எழுத்து. நான் படித்தது ஐந்தாவது வரை. இங்கிலீஷ், பிள்ளைகளின் புத்தகத்தை அடுப்படியில் வைத்துக்கொண்டு நானே கற்றது. மூன்று எழுத்துக்கு அது போதும். பார்.

"பார் எதுக்கு மாமா?"

"பாரு இல்லாத லாட்ஜுல எவம்மா வந்து தங்குவான்? நீ போய் காபி போடு."

மனை, கல்யாணத்தின்போது அப்பா என் பேரில் எழுதிக் கொடுத்தது. பாங்கிக் கடனுக்கு என் கையெழுத்து இல்லாமல் நடக்காது. வைகாசி 21 வாஸ்து நாள், அன்றைக்கே கடைக்கால் தோண்ட வேண்டுமாம். ஆனியில் வாஸ்து கிடையாது. ஆடியில் நம் வீட்டில் எதையும் தொடங்க மாட்டோம். அதனால் அவசரம்.

காபி போட்டேன். கையெழுத்துப் போடவில்லை. யார் வந்து தங்கப் போகிறார்கள், அவர்களுக்கு என்ன வேண்டும், நான் விசாரிக்க வேண்டும் என்றேன்.

மூத்தார் இவரைப் பார்த்துச் சிரித்தார். "இன்னாடா, உன் பொண்டாட்டி போலீஸ்ல சேந்துட்டாளா?"

இவர் டம்ளர்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

முருகா, மயிலத்துக்கு உன்னைப் பார்க்க வருகிறவர்கள் இறங்குகிற ரோடு அது. அங்கே பிராந்தி வாடை அடிக்காது. நான் விடுவதாக இல்லை.

மே 20, செவ்வாய்

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு. கூடையில் முருங்கைக்கீரையை வைத்துக்கொண்டு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். கீரை இருந்தால் பொம்பளை ஏன் உட்கார்ந்திருக்கிறாள் என்று யாரும் கேட்பதில்லை.

இறங்கியவர்கள்:
மயிலத்துக்கு மொட்டை போட வந்த குடும்பங்கள். கைக்குழந்தை, தூக்கு, பாய்.
மேல்சித்தாமூர் மடத்துக்குப் போகிற சமண நயினார்கள். சத்தமே இல்லாத கூட்டம்.
ஒலக்கூர்ப் பக்கத்து ஆட்கள், மல்லாட்டைக் கடலை மூட்டையோடு. இவர்கள் தங்குவதில்லை.
கோட்டக்குப்பத்து முஸ்லிம் பெண்கள் இருவர். மெட்ராஸ் பஸ்ஸுக்கு.

கடைசி இருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். சபூரா பீவி, அவர் மருமகள். மகன் துபாயில். பெருநாளுக்கு வருகிறான். டிக்கெட் விசாரிக்க ஏஜெண்டிடம் போகிறார்கள். நோன்பு, அதனால் எச்சில்கூட விழுங்காத வாய். ஆனால் பேச்சு நிற்கவில்லை.

"ஏர்போர்ட்டுக்குப் போறப்பல்லாம் இதே பெஞ்சுதாம்மா. முதுகு வலிக்குது. லாட்ஜு இருக்குது. போனா ஒரு மாதிரி பாக்கறானுங்க."

வீட்டு விலாசம் சொன்னேன். அடுத்த தடவை பெஞ்சு வேண்டாம், வாருங்கள் என்றேன்.

கீரை வாடிவிட்டது. வதக்கிவிட்டேன்.

மே 23, வெள்ளி

விசாகம். பால், பழம் மட்டும். மயிலத்தில் கூட்டம் நெரிந்தது. சாமியைக் கண்ணாரப் பார்த்தேன். பிறகு குளத்துப் பக்கம் பார்த்தேன். நான்கு பெண்கள் புடவையைச் சுற்றிப் பிடிக்க, நடுவில் ஒருத்தி ஈரத்துணி மாற்றுகிறாள். காற்று வந்தால் நான்கு பேரும் கத்துகிறார்கள். நானும் அப்படித்தான் மாற்றியிருக்கிறேன், வருஷா வருஷம். இன்றைக்குத்தான் கோபம் வந்தது.

குறித்துக்கொள்ள: தங்காதவர்களுக்கும் குளிக்க, மாற்ற ஒரு அறை. உள் தாழ்ப்பாளோடு.

மே 26, திங்கள்

விழுப்புரம் போனேன், ஓரகத்தி சரோஜா அக்காவோடு. மூத்தார் சம்சாரம்தான். அவரிடம் வளையல் வாங்கப் போவதாகச் சொல்லியிருக்கிறாள்.

ஸ்டேஷன் ரோட்டில் முதல் லாட்ஜ். மேனேஜர் நெற்றி நிறைய விபூதி.

"எத்தினி பேரு?"

"ரெண்டு பேரு."

"ஜெண்ட்ஸ் பின்னாடி வர்றாரா?"

"ஜெண்ட்ஸ் இல்லிங்க. நாங்கதான்."

பேனாவை மூடினார். "லேடீஸுக்கு மட்டும் ரூம் குடுக்கறதில்லம்மா. பேஜாரு."

அக்கா விடவில்லை. "எங்க பேரன் ஒருத்தன் இருக்கறான், மூணு வயசு. தூக்கிக்கினு வந்தா குடுப்பியா?"

"ஜெண்ட்ஸ்னா பெரிய ஜெண்ட்ஸ்மா."

"எங்க வூட்டு பெரிய ஜெண்ட்ஸை நீ பாத்ததில்ல. பாத்தா அவருக்கும் குடுக்க மாட்டே."

அந்நேரம் மாடியிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் இறங்கினாள். தனியாள். முதுகில் மூட்டை. இரும்பைக் கோயிலுக்கு எந்த பஸ் என்று கேட்டாள். மேனேஜர் எழுந்து நின்று வழி சொன்னார்.

"இந்தம்மாவோட ஜெண்ட்ஸ் எங்க?" என்றாள் அக்கா.

"அவுங்க ஃபாரின்மா."

இரண்டாவது லாட்ஜ், கீழே பார். வாசலில் நின்றவர்கள் எங்களைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப் போவதில்லை. மூன்றாவதில் புருஷனிடம் கடுதாசி வாங்கி வரச் சொன்னார்கள்.

திரும்பும் பஸ்ஸில் அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னது: மகள் முதல் பிரசவத்துக்கு வி.புரம் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, பார்வையாளர்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். மூத்தாருக்கு வேலை, கூட வரவில்லை. ரூம் கேட்டுப் போனாள். இதே பதில். விடியும்வரை ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே, சாக்கடை ஓரம்.

"மாமாகிட்ட சொன்னீங்களா அக்கா?"

"சொன்னேன். உள்ள விட்டிருப்பாங்க, உனக்குக் கேக்கத் தெரியலன்னாரு."

வளையல் வாங்க மறந்துவிட்டோம். தி.வனத்தில் இறங்கி வாங்கினோம். அவளுக்குப் பச்சை, எனக்குச் சிவப்பு.

மே 27, செவ்வாய்

வி.புரத்தில் யாரோ பார்த்துச் சொல்லிவிட்டார்கள். மூத்தார் வாசலிலேயே ஆரம்பித்தார்.

"லாட்ஜு லாட்ஜா ஏறி எறங்கியிருக்கீங்க. ஊரு இன்னா பேசும்?"

"ரூம் இல்லன்னு சொன்னான் மாமா. அத பேசட்டும்."

இவர் உள்ளே செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். ரேடியோ சத்தத்தைக் குறைத்தார். அவ்வளவுதான். குறைத்தது எங்கள் பேச்சைக் கேட்கவா, அண்ணன் நன்றாகத் திட்டட்டும் என்றா, தெரியவில்லை.

முடிவு. ஆண் துணை இல்லாமல் வருகிற பெண்ணுக்கு என் மனையில் அறை உண்டு. இதற்கு ஒப்புக்கொள்ளாமல் கையெழுத்துக் கிடையாது.

மே 29, வியாழன்

நேற்றோடு கத்திரி கழிந்தது. புழுக்கம் கழியவில்லை.

பஸ் ஸ்டாண்டில் மேல்சித்தாமூர் பஸ்ஸை விட்டுவிட்டு ஒரு நயினார் வீட்டு அம்மா நின்றிருந்தார். ஜெயமாலா. வந்தவாசிப் பக்கம். வீட்டுக்கு அழைத்து வந்தேன். என் லாட்ஜின் முதல் விருந்தாளி என்று நினைத்துக்கொண்டேன்.

முன் அறையைக் கழுவி, புதுப் பாய். கருணைக்கிழங்கு மசியல், சாம்பார், ரசம், அப்பளம். விளக்கேற்றி, பூஜை முடித்து, ஏழு மணிக்கு இலை போட்டேன். இலை மேல் கையை வைத்து மூடிவிட்டார்.

"கோச்சிக்காதம்மா. வேணாம்."

தண்ணீர்கூட வாங்கவில்லை. கிருத்திகை தவறாத சமையலறை இது. முட்டை ஓடுகூட இந்த வாசலைத் தாண்டியதில்லை. என் கைச் சாப்பாடு இந்த அம்மாவுக்கு ஆகாதாமா? பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவினேன்.

மே 30, வெள்ளி

கழுவியதெல்லாம் வீண் சத்தம்.

காலையில் நன்றாக விடிந்த பிறகு ஜெயமாலா அம்மா சொம்பு கேட்டார். மடியிலிருந்து வெள்ளைத் துணி எடுத்து, தண்ணீரை வடிகட்டிக் குடித்தார். இட்லி ஐந்து சாப்பிட்டார்.

"பொழுது போயிட்டா நாங்க வாயில ஒண்ணும் போட மாட்டோம்மா. வெளக்கு வெளிச்சத்துல பூச்சி விழுந்தா தெரியாது பாரு. உயிராச்சே."

"நேத்தே சொல்லியிருக்கலாமேம்மா."

"நீ ஆசையா சமைச்சுக்கினு இருந்தே. அந்தக் கருணைக்கிழங்கும் நாங்க தொட மாட்டோம். மண்ணுக்குள்ள வெளையறது. ஒரே ராத்திரியில உனக்கு எத்தினி துக்கம் குடுக்கறது?"

இருவரும் சிரித்தோம். நாலு மணிக்கு இலை போட்டிருந்தால் சாப்பிட்டிருப்பார். இத்தனை வருஷம் அவர்கள் என் கண் முன்னால் பஸ் ஏறி இறங்குகிறார்கள். அவர்களுக்கு எப்போது பசிக்கும் என்று எனக்குத் தெரியாது. இஞ்சினியருக்கும் தெரியாது. ஆனால் எட்டு அறை போட்டுவிட்டார்.

ஜூன் 1, ஞாயிறு

காலையில் மனைக்குப் போய், என் பிளானை நிஜ அளவில் தரையில் கோலமாகப் போட்டேன். எட்டு அறையும் உண்டு, ஆனால் மாடிக்கு நான்குதான். நான்கு கீழே, பின்பக்கம், பெண்களுக்கு. தனி முற்றம், தனிக் குழாய், தனி வாசல். பார் இருந்த இடத்தில் சமையலறை. அதுதானே அக்னி மூலை.

அரிசி மாவில் போட்டது தப்பு. பத்து மணிக்குள் எறும்பு இரண்டாம் அறையின் சுவரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. சுண்ணாம்புத் தூளில் மறுபடி.

அக்கா வந்து மூன்றாம் அறையில் பாயை விரித்துப் படுத்தே பார்த்தாள். "கால் நீட்டினா சுவத்துல இடிக்குதுடி." ஒரு அடி தள்ளிப் போட்டேன்.

நாலு மணிக்குச் சபூரா பீவியும் மருமகளும் வந்தார்கள். விடியற்காலை மகன் இறங்குகிறான். மனையைப் பார்க்க வேண்டும் என்றார். சுண்ணாம்புக்குள் நடந்தார்.

"பொம்பளைங்க ரூம் கதவு ஆபீஸைப் பாத்து இருக்கக் கூடாதும்மா. குந்திக்கினு இருக்கறவன் போறது வர்றது எல்லாம் பாப்பான். அந்தாண்ட திருப்பு." திருப்பினேன். "மேற்கு எது?" காட்டினேன். தொழுகைக்கு அந்தப் பக்கம் ஒரு சுவர் வெறுமையாக விடச் சொன்னார். படம், காலண்டர் எதுவும் இல்லாமல். விட்டேன்.

வீட்டுக்கு வந்தோம். பொழுது சாயும்வரை வாயில் ஒன்றும் இல்லை. பாங்கு சத்தம் கேட்டதும் பேரீச்சம்பழம், தண்ணீர், பிறகு தூக்கில் கொண்டு வந்த கஞ்சி. எனக்கும் ஒரு கிண்ணம் ஊற்ற வந்தார். கறி போட்டதா என்று நான் கேட்பதற்குள் அவரே கையை இழுத்துக்கொண்டார். "அய்யோ, நீ சைவமாச்சே!"

ஜெயமாலா அம்மா பொழுது போவதற்குள் சாப்பிட வேண்டும். சபூரா பீவி பொழுது போன பிறகுதான். நான் கிருத்திகைக்குச் சாப்பிடுவதே இல்லை. மூன்று பேரும் ஒரே சூரியனைப் பார்த்துக்கொண்டு.

சமையலறையில் இரண்டு அடுப்பு. ஒன்று நாலு மணிக்குப் பற்ற வேண்டும். இன்னொன்று விடிவதற்கு முன்னால், நோன்பு பிடிப்பவர்களுக்கு. இரண்டும் சைவம்தான். அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஜூன் 3, செவ்வாய்

மூத்தார் சாயங்காலம் மனைக்குப் போயிருக்கிறார். கோலத்தைச் செருப்புக் காலால் தேய்த்து அழித்துவிட்டார். மேஸ்திரியை வைத்துத் தன் கோட்டைப் போட்டுவிட்டு நேரே இங்கே வந்தார்.

"கோலம் போட்டு லாட்ஜ் கட்டறியா? நாளைக்கு பூஜை. பாங்கி பேப்பர் எட்த்துக்கினு வர்றேன். பேசாம கையெழுத்து போடு."

"பாரை எடுத்துட்டு வாங்க மாமா. போடறேன்."

"வீடு ரெண்டாப் போனா பரவால்லியா உனக்கு?"

"எட்டாப் போவுது. எட்டு ரூமு."

இவர் தலையைக் குனிந்துகொண்டார். சிரித்தாரோ?

வெறும் கோடாக இருந்ததால்தானே மிதிக்க முடிந்தது. செம்மண் கரைத்து வைத்திருக்கிறேன். மஞ்சள் இருக்கிறது. குங்குமம் போதாது, அக்கா வீட்டில் கேட்க வேண்டும்.

ஜூன் 4, புதன். வைகாசி 21

விடியலில் மனை. அவர்கள் கோட்டின் மேல் சாணம் தெளித்தேன். என் கோலம், செம்மண் கரையோடு. ஒவ்வொரு அறை மூலையிலும் மஞ்சள், குங்குமம், ஒரு பூ. சமையலறை இருக்கும் இடத்தில் இரண்டு அகல். வாசல்களுக்கு மட்டும் இடைவெளி.

ஏழு மணிக்கு எல்லோரும் வந்தார்கள். குருக்கள் பார்த்தார், திருப்தியாகத் தலையசைத்தார், கற்பூரம் ஏற்றிக் கோலம் முழுக்கக் காட்டினார். மூத்தார் முகம் கறுத்தது. அவரும் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

பிறகு மேஸ்திரியிடம், "அத்த அழிச்சிட்டு நம்ம கோட்டைப் போடுய்யா."

மேஸ்திரி மண்வெட்டியைக் கீழே வைத்தார். "கற்பூரம் காட்டின கோலங்க. நான் புள்ளகுட்டிக்காரன். நீங்களே மிதிங்க."

மூத்தார் ஒரு காலைத் தூக்கினார். அப்போதுதான் அக்கா மூன்றாம் அறை வாசல் வழியாக உள்ளே போய் நடுவில் உட்கார்ந்தாள்.

"சரோஜா, வெளிய வா."

"இது என் ரூமு."

"வெளிய வாடின்றேன்!"

"கதவு அந்தப் பக்கம் இருக்குது. தட்டிட்டு வாங்க."

இஞ்சினியர் இருமினார். மூத்தாரின் கால் அப்படியே நின்றது. பிறகு தூக்கிய இடத்திலேயே இறங்கியது. அக்காவை அவர் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. அவள் பார்வையைத் திருப்பவில்லை.

"நேரம் போறது," என்றார் குருக்கள்.

இவர் செருப்பைக் கழற்றினார். கோட்டைத் தாண்டாமல், நான் வாசல் விட்டிருந்த இடத்துக்குச் சுற்றிப் போய் உள்ளே வந்தார். மண்வெட்டியை எடுத்து மேஸ்திரி கையில் கொடுத்தார்.

வடகிழக்கில் முதல் வெட்டு. என் கோட்டின் மேல்.

சர்க்கரைப் பொங்கல் எல்லோருக்கும் கொடுத்தேன். மூத்தார் வாங்கவில்லை. அவர் பங்கை இலையில் மடித்து அக்காவிடம் அனுப்பினேன்.

சாயங்காலம் மூத்தாரிடமிருந்து பாங்கிப் பேப்பர், பிளான் இரண்டும் ஆள் மூலமாக வந்தது. பிரித்துப் பார்த்தேன். அந்த மூன்று எழுத்தின் மேல் ஒரு கோடு. பென்சிலில்.

மையால் அடித்துக் கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன்.