படகில் நீ படித்த வரி

கடவுள் துணை
மார்ச் 4

அன்பு மருமகளுக்கு,

நீயும் என் மகனும் சுகமாக வீடு போய்ச் சேர்ந்திருப்பீர்கள். படகில் போய்வந்ததிலிருந்து உன் மாமாவின் வாய் ஓயவில்லை. "நாலு மணி நேரம், ஒரு குலுக்கல் இல்ல. ஆறா அது? மெத்தை!" என்று பால்காரரிடம்கூடச் சொல்லியாயிற்று. உன் மனம் கொஞ்சம் ஆறட்டும் என்றுதான் இந்த ஏற்பாட்டைச் செய்தார். கைக்கெட்டிய வெளியூர் வேலை தவறிப்போனால் யாருக்குத்தான் வருத்தம் இருக்காது?

சாமான்களைச் சரிபார்த்தேன். தட்டு, டம்ளர், விரிப்பு எல்லாம் சரி. பிளாஸ்க் மூடியும் என் பிரார்த்தனை நோட்டும்தான் குறைகின்றன. உன் பையில் வந்திருக்கலாம். அவசரமில்லை. நோட்டை மட்டும் பத்திரமாக மூடியே வைத்திரு.

அன்புடன்,
அத்தை

மார்ச் 11

அன்புள்ள அத்தைக்கு,

இரண்டும் என்னிடம்தான் இருக்கின்றன. மூடியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நோட்டு கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டும். உங்களுக்குத்தான் பாதி மனப்பாடம் ஆயிற்றே. மாமாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது?

மருமகள்

கடவுள் துணை
மார்ச் 15

மருமகளுக்கு,

போனில் பேசலாம் என்றால் உன் மாமா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

பாதியல்ல, முழுதும் மனப்பாடம். அதுதான் என்னை வதைக்கிறது.

படகு நகர்ந்ததும் பிரார்த்தனை படிக்கக் கண்ணாடியைத் தேடினேன். வீட்டிலேயே விட்டுவிட்டிருந்தேன். "நீயே படிம்மா, எல்லாரும் கண்ண மூடுங்க" என்று நோட்டை உன் கையில் கொடுத்தேனே, என் புத்தி எங்கே போயிருந்தது! "கடவுளுக்கே லிஸ்ட் போட்டுக் குடுக்கிற ஆளு நம்ம அம்மாதான்" என்றாள் உன் நாத்தனார். நீயும் சிரித்தபடிதான் பக்கத்தைத் திருப்பினாய். நிறைவேறியதையும் நன்றிக்காகச் சேர்த்துப் படிப்பது நம் வீட்டு வழக்கம். மாமாவின் முட்டி, மகளின் பரீட்சை. அடுத்தது உன் வரி. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த வரியின் மேல் உன் கண் ஓடியது. பிறகு, "மருமகளுக்கு மனசுக்குப் பிடித்த வேலை கிடைக்கட்டும்" என்று படித்தாய். எல்லாரும் "அப்படியே ஆகட்டும்" என்றார்கள்.

அப்படி ஒரு வரியை நான் எழுதவேயில்லை. நான் எழுதியது, "அந்த வெளியூர் வேலை மருமகளுக்குக் கிடைக்காமல் போகட்டும். என் மகன் தூரமாகப் போய்விட வேண்டாம்." பக்கத்தில், நிறைவேறிவிட்டது என்று சிவப்பு மையில் ஒரு டிக். உன்னிடம் "உனக்காகத்தான் தினமும் வேண்டிக்கிறேன்மா" என்று சொன்னதும் இதே வாய்தான்.

அதற்கப்புறம் நாலு மணி நேரம். இறங்கி ஓட வழியில்லை. "என்னம்மா, தண்ணியவே பாக்கிறீங்க? மேல பாருங்க, கொக்கு போகுது" என்றார் படகோட்டி. எந்த முகத்தோடு நிமிர்வது? நீ பழம் நறுக்கி என் தட்டில் வைத்தாய். திட்டிவிட்டு வைத்திருந்தால்கூடத் தின்றிருப்பேன்.

நீ யாரிடமும் சொல்லவில்லை. நேற்றும் போனில் என் மகன் "சாப்பிட்டியாம்மா?" என்று பாசமாகத்தான் கேட்டான்.

மன்னிப்புக் கேட்கக் கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன்.

அத்தை

ஏப்ரல் 9

அன்புள்ள அத்தைக்கு,

நோட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உங்கள் வரியை அடிக்கவில்லை. அதன் கீழே, படகில் நான் படித்ததை எழுதியிருக்கிறேன். அதற்கும் ஒரு டிக் போட்டுக்கொள்ளுங்கள். வேலை கிடைத்துவிட்டது. அதே ஊர், வேறு அலுவலகம். அடுத்த மாதம் இருவரும் கிளம்புகிறோம். அதற்கு முன் வந்து பார்ப்போம்.

நோட்டைப் பற்றி உங்கள் மகனிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். பழத்தில் கோபம் எதுவும் இல்லை, அத்தை. காலையிலிருந்து நீங்கள் ஒன்றும் சாப்பிடவில்லையே என்றுதான் வைத்தேன்.

இந்த வேலைக்கான நேர்காணலை மட்டும் உங்களிடம் மறைத்துவிட்டேன். எனக்காகத் தினமும் வேண்டிக்கொள்வீர்களே என்று பயமாக இருந்தது.

மருமகள்