தோண்டினவனுக்கும் ஒரு பங்கு

மாமு,

ஜன்னலோரம் வைத்திருக்கும் உன் பொட்டாஷ் உரக் கட்டி மறுபடி கசிகிறது. மழை பிடித்துக்கொண்டால் போதும், இந்த இளஞ்சிவப்புக் கல் ஈரத்தை இழுத்துக்கொண்டு தண்ணீர் விட ஆரம்பித்துவிடும். "இந்தக் கருமத்தத் தூக்கிப் போடேன்யா" என்று வீட்டில் திட்டு. உன் பெண்சாதி என் கையில் கொடுத்தது. போட மனசு வருமா? துடைத்துத் துடைத்து வைக்கிறேன்.

இன்று காலை டீக்கடை டிவியில் உன் பெலாரஸ். அமெரிக்கா பொட்டாஷ் மீதான தடையை எடுக்கிறதாம்; பதிலுக்கு அந்த நாட்டு அதிபர் சிறையிலிருந்து ஆட்களை விடுகிறாராம். சட்டென்று பக்கத்து பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன். நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியும் இந்தப் புத்தி போகவில்லை.

துறைமுகத்து உரக் கொட்டகையில் நாம் சேர்ந்து மூட்டை பிடித்த காலத்தில், குவியலாக வந்த சிவப்பு உரம் எந்த ஊருடையது என்று விசாரித்தவன் நீ ஒருத்தன்தான். பெலாரஸ் என்று தெரிந்ததும், "கடலே இல்லாத நாடு மாமு. வூடு அவனுது, வாசக்கதவு பக்கத்து வூட்டுல கீது. இன்னா பொழப்பு!" என்றாய். லிதுவேனியாவின் துறைமுகம் வழியாகத்தான் அவர்கள் கப்பல் ஏற்றினார்கள்.

நீ ராயபுரத்து மாதா கோயில் ஆள். ஆனாலும் ஆயுத பூஜைக்குக் கொக்கிக்கும் தராசுக்கும் நாங்கள் சந்தனம் வைக்கும்போது, நடுவில் ஒரு பொட்டாஷ் கட்டியை வைத்துப் பக்கத்தில் ஒரு கை பொரி போடுவாய். "சுரங்கத்துல இத்தத் தோண்டுனவனுக்கும் ஒரு பங்கு" என்பாய். முதலில் சிரித்தோம். பிறகு பழகிவிட்டது.

பெலாரஸ் தேர்தலில் பித்தலாட்டம் என்று ஜனங்கள் தெருவுக்கு வந்த வருஷம், பொட்டாஷ் சுரங்கத்திலும் வேலைநிறுத்தம். சங்கக் கூட்டத்தில் ஆதரவுத் தீர்மானம் கேட்டாய். நான் எதிர்த்தேன். ஆலைகளை அரசாங்கமே வைத்திருக்கும் நாடு, பின்னால் வெளிநாட்டுக்காரன் விளையாட்டு இருக்கும் என்றேன். இன்றும் அதை முழுக்கத் தப்பென்று சொல்லமாட்டேன். நீ கத்தவில்லை. "ஆல கவர்மென்டுது, சரி. ஸ்ட்ரைக் பண்றவன் யாரு மாமு?" என்று மட்டும் கேட்டாய். தீர்மானம் தோற்றது. அங்கே பலருக்கு வேலை போனது, சிலர் சிறைக்குப் போனார்கள்.

அப்புறம் அமெரிக்காவின் தடை வந்தது. லிதுவேனியா கதவைச் சாத்தியது. ரஷ்யப் படை பெலாரஸ் மண் வழியாகவும் உக்ரைனுக்குள் போனது. இனி ரஷ்யத் துறைமுகம்தான் கதி என்றானபோது, "அந்த வூட்டுக்காரன் சும்மா தொறப்பானா? தலையக் கேப்பான்" என்றாய். நம் கொட்டகைக்குக் கப்பல் வரத்து நின்றேபோனது. உன் வீட்டிலும் அடுப்பு எரிவது பெரும்பாடாக இருந்தது. அந்த ஆயுத பூஜையில் தராசுக்காரன் பாஸ்கர் எல்லார் முன்னாலும் கேட்டான்: "உன் தோஸ்துங்களால நம்ம வவுறு காயுது. இந்த வாட்டியும் பொரி வப்பியா நைனா?"

கொட்டகையே உன் கையைப் பார்த்தது. நானும்தான். நீ கட்டியை வைத்தாய், பொரியைப் போட்டாய். "அவனும் வேல போயி குந்திகினு கீறான். நாம யார் மேல காயறது?" என்றாய். அன்று உன்மேல் எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. இதை உன்னிடம் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

இன்று டீக்கடைக்கு அதே பாஸ்கர் வந்தான். "தடை எடுத்துட்டானா? அப்போ நம்மாண்ட சரக்கு வரும்!" என்று குதித்தான். டீயை வாங்கிக்கொண்டு டிவியையே பார்த்தான். பிறகு மெதுவாக, "வுட்டவங்கள்ல சுரங்கத்து ஆளு எவனாச்சும் கீறானா?" என்றான்.

செய்தியில் அதைச் சொல்லவில்லை. எனக்கும் தெரியவில்லை. உன் கேள்வியை அவன் வாயால் கேட்டதும் கண் கலங்கிவிட்டது மாமு, டீ சூடு என்று சமாளித்தேன்.

வீட்டுக்கு வந்து கட்டியைத் துடைத்தேன். மழைக்கு மழை கரைந்து சின்னதாகிக்கொண்டே வருகிறது. அடுத்த ஆயுத பூஜைக்கு மிச்சம் இருக்கும். பொரி என் செலவு.