நூற்றில் ஆறு

2024 மே 6, திங்கள்

காலையில் யசிந்தாவின் இரத்தம் ஆய்வுகூடத்துக்கு வந்தது. மனைவியின் பெயர் எழுதிய குழாயைக் கையில் எடுப்பது பழகிவிட்டது. அவளுடைய சிறுநீரகம் புரதத்தை ஒழுகவிடுகிறது. அதற்காக ஐந்து கிழமையாக ஸ்டெரொயிட்; காலையில் பன்னிரண்டு குளிசை.

இரத்தத்தின் வெள்ளையணு, வெண்குழியம், பதினாலாயிரம்; வழமையை விடக் கூட. அவற்றை வகை பிரித்து நூறு எண்ணினேன். நியூட்ரோபில் 84, லிம்போசைட் 12, மொனோசைட் 4. இயோசினோபில் பூச்சியம். குளிசைக்கு முன் ஆறு இருந்தது.

"காய்ச்சலோ அண்ணை?" என்றாள் கூட வேலை செய்யும் பஸ்மினா.

காய்ச்சல் இல்லை, குளிசையின் வேலை. இரத்த நாளச் சுவரில் ஒட்டி நின்ற நியூட்ரோபில்கள் பிடியை விட்டு ஓட்டத்துக்கு வந்துவிடும். எலும்பு மச்சையும் இன்னும் கொஞ்சம் அனுப்பும். லிம்போசைட்டுகள் இரத்தத்தை விட்டு ஒதுங்கும். செம்மஞ்சள் மணி நிறைந்த இயோசினோபில்கள் அநேகமாக மறைந்தே போகும். தெருவில் கூட்டம் தெரியும், சண்டைக்குத்தான் ஆள் போகாது. காய்ச்சல்காரர் பக்கம் போகாதே என்று யசிந்தாவுக்குச் சொல்லியிருக்கிறேன்.

மே 10

சிறுநீரில் புரதம் மூன்று பிளஸிலிருந்து ஒன்றுக்கு இறங்கியிருக்கிறது. கால் வீக்கம் வற்றிவிட்டது. குளிசையால் முகம் உருண்டை, வயிறும் கொஞ்சம் ஊதியிருக்கிறது.

மே 19, ஞாயிறு

பேசாலையில் தம்பி அன்ரனியின் மகளுக்கு ஞானஸ்நானம். கோயில் வாசலில் என் மாமி றஞ்சிதா, யசிந்தாவின் வயிற்றைப் பார்த்து, "எத்தினை மாசம் பிள்ளை?" என்று கேட்டார். எங்களுக்குக் கலியாணமாகி ஒன்பது வருடம், பிள்ளை இல்லை. சந்தோசத்தில் கேட்டுவிட்டார். யசிந்தா சிரித்தாள்.

மத்தியானம் நண்டுக் குழம்பு. நல்ல உறைப்பு.

மே 27, திங்கள்

யசிந்தாவின் வெண்குழியம் எட்டாயிரத்து நூறு. இயோசினோபில் ஆறு.

வேறு யாருடையதையாவது மாறி எடுத்துவிட்டேனோ? கண்ணாடித் தட்டில் இரத்தத்தைப் புதிதாகப் பூசிச் சாயமிட்டு மறுபடியும் நூறு எண்ணினேன். ஆறு.

வீட்டில் குளிசைப் பை நாளுக்குப் பன்னிரண்டாகச் சரியாகத்தான் குறைகிறது. அப்படியானால் குளிசை எங்கே போகிறது?

பின்னேரம் அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். "நீ குளிசை போடேல்ல. ரத்தத்தில தெரியுது" என்றேன். கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஓம். எட்டு நாளாப் போடேல்ல. குப்பைக்க எறிஞ்சனான்."

"ஏன்?"

"மாமி கேட்டது உங்களுக்கும் கேட்டதுதானே. அண்டைக்கு என்னட்ட ஒரு வார்த்தை கேட்டனீங்களோ? இப்ப என்ர ரத்தத்திட்டக் கேட்டுக்கொண்டு வந்து நிக்கிறீங்கள்."



மே 28

விடிய யசிந்தாவுக்குத் தலைசுற்று, வாந்தி. எழுந்து நிற்கவே முடியவில்லை. வார்ட்டில் போட்டிருக்கிறார்கள்.

டொக்டர் சொன்னார்: "இவ்வளவு நாள் போட்டதைத் திடீரெண்டு நிப்பாட்டக் கூடாது. உடம்பு தானாச் சுரக்கிற ஸ்டெரொயிட்டை நிப்பாட்டியிருக்கும். படிப்படியாத்தான் குறைக்கோணும்."

எனக்குத் தெரியாததா? தெரியும். அவளுக்குச் சொன்னேனா? — காய்ச்சல்காரரைப் பற்றி மட்டும்தான் சொன்னனான். முகம் ஊதும், வயிறு வைக்கும், பிறகு வத்தும் எண்டு ஒரு வசனம் சொல்லேல்ல. அண்டைக்கு நண்டுக் குழம்பு உறைப்பெண்டு எழுதி வைச்சிருக்கிறன். வெக்கமாக் கிடக்கு. பயமாவும் கிடக்கு.

மே 31

வீட்டுக்கு வந்துவிட்டாள். காலையில் நான் பார்த்திருக்கப் பன்னிரண்டையும் விழுங்கினாள். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"இந்த முகம் எப்ப போகும்?"

"குளிசை குறையக் குறைய வத்தும். கொஞ்ச மாசம் செல்லும்."

"கொஞ்ச மாசமெண்டு தெரிஞ்சிருந்தாப் பொறுத்திருப்பன்" என்றாள்.

ஜூன் 4

யசிந்தாவிடம் கேட்டுவிட்டு, றஞ்சிதா மாமியிடம் நோயைப் பற்றிச் சொன்னேன். அழுதார். மாமிக்குச் சொன்னால் பேசாலைக்கே சொன்ன மாதிரி. இனி ஒருவரும் மாதம் கேட்க மாட்டார்கள்.

ஜூன் 10, திங்கள்

யசிந்தாவின் குழாய் வந்தது. பஸ்மினாவிடம் நீட்டினேன்.

"நீங்கள் எண்ணேல்லையோ அண்ணை?"

"நீ எண்ணு. நான் காலமை அவவிட்டயே கேட்டிட்டன்."