மூன்று பெயர்கள் எழுதிய தாள்

லூனாஸ்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தேவகி அக்காவுக்கு யோகேஸ்வரி எழுதிக்கொள்வது. ஜொகூரில் உங்கள் முதுகுவலி இப்போது தேவலையா? இங்கே எல்லாரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. வாட்சாப்பில் நாலு தடவை அடித்து அழித்துவிட்டேன். போனில் பேசினால் பாதியில் அழுதுவிடுவேன். அதனால்தான் கடிதம்.

லோஷினி பள்ளிக்குப் போய் இரண்டு வாரம் ஆகிறது. உங்கள் ஓர்ப்படி இராசாத்தி, மகளுக்குக் காய்ச்சல் என்று உங்களிடம் சொல்லியிருப்பார். காய்ச்சல் எல்லாம் இல்லை.

சனிக்கிழமைகளில் கோவில் மண்டபத்தில் வயசுப் பெண்களுக்கு நாங்கள் நடத்தும் வகுப்பு உங்களுக்குத் தெரியும். பதினேழு பிள்ளைகள். லோஷினிக்கு வழிகாட்டியாக என்னைப் போடுங்கள் என்று நானே கேட்டு வாங்கினேன். பிடிக்காததை வேண்டாம் என்று சொல்லப் பழக்கினோம். மாத நாட்களை நோட்டில் குறித்து வைக்கச் சொன்னோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று என் கையாலேயே போர்டில் எழுதினேன். அந்த நோட்டுகள் என் அலமாரியில்தான் இருந்தன.

நிறைவு விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் கோவில் தலைவர் பரஞ்சோதி அண்ணன் கூப்பிட்டார். சாப்பாடு மடப்பள்ளியில் சமைப்பதாம், மண்டபம் கோவில் வளாகத்துக்குள் இருக்கிறதாம், "அந்த மாதிரி" இருக்கும் பிள்ளைகள் உள்ளே வரக்கூடாதாம். "பேரை மட்டும் எழுதிக் கொடும்மா, சத்தமில்லாம நான் பாத்துக்கிறேன் லா" என்றார். முடியாது என்றால் மண்டபத்தைப் பூட்டிவிடுவார் என்று பயந்தேன். வாசலில் வைத்து ஒவ்வொருத்தியையும் கேட்பதற்கு இது மேல் என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நோட்டுகளைப் புரட்டி மூன்று பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஆமாம் அக்கா, நான்தான்.

அந்த மனிதர் அதை மைக்கில் வாசித்தார். சட்டமன்ற உறுப்பினர் ஒய்.பி. வந்திருந்தார், பெற்றோர் உட்கார்ந்திருந்தார்கள், நாற்காலி அடுக்க வந்த பந்து விளையாடும் பையன்கள் நின்றார்கள். இந்த மூன்று பிள்ளைகளும் வெளியே கூடாரத்தில் உட்காரவும், சாப்பாடு அங்கேயே வரும் என்றார். அதில் ஒருத்தி லோஷினி. மேடையேறிப் பேச வேண்டியவள். தலைப்பு "என் உடல், என் மதிப்பு". ஒரு வாரமாக மனப்பாடம் செய்திருந்தாள். பையன்கள் சிரித்தார்கள். அவள் பேச்சுத் தாளோடு எழுந்து, செருப்பைக்கூடப் போடாமல், செம்பனைத் தோட்டச் சாலை வழியாக வீட்டுக்கு நடந்துவிட்டாள்.

உள்ளே விழா நடந்தது. தன்னம்பிக்கை பற்றி ஒய்.பி. அரை மணி நேரம் பேசினார். எனக்குச் சிறந்த வழிகாட்டி என்று கேடயம் கொடுத்தார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கினேன் அக்கா. அந்தப் போட்டோவைப் பார்த்தாலே குமட்டுகிறது. பரஞ்சோதி அண்ணனைப் பார்த்தாலும் அருவருப்பு. மறுநாள் போய்க் கேட்டேன். பெயரை வாசித்ததில் என்ன தப்பு, ஊர் வழக்கம்தானே என்று பல் குத்திக்கொண்டே கேட்டார். வழக்கமாம்! இனி அந்த மண்டபத்தில் கால் வைக்க மாட்டேன். வகுப்பை வேறு இடத்தில் நடத்த முடியுமா என்று பார்க்கிறேன். முடியாவிட்டால் நின்று போகட்டும்.

பையன்கள் அவள் போனுக்கு அசிங்கமாக எழுதி அனுப்புகிறார்கள். படித்தது போதும், நானும் தேவகி பெரியம்மா மாதிரி கையுறைப் பேக்டரிக்கே போகிறேன் என்று இராசாத்தியிடம் சொல்லியிருக்கிறாள். பதினைந்து வயசு, மூன்றாம் படிவத்துப் பிள்ளை பேசுகிற பேச்சா இது? அறிவியலில் வகுப்பிலேயே முதலாக வந்தவள். பள்ளி ஆசிரியரைப் பார்த்துப் பேசிவிட்டேன். அடுத்த திங்கள் வந்தால்கூடச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். அதற்கு மேல் தள்ளினால் கஷ்டம்.

வேறு யாரிடமும், பெற்ற அம்மாவிடமும்கூட, மனம் திறக்காதவள், முந்தாநாள் என் வீட்டுக்கு வந்தாள். என் தோளில் சாய்ந்து ஒரு மணி நேரம் அழுதாள். அந்த ஆளுக்கு எப்படித் தெரிந்தது சித்தி, யார் சொன்னது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் தலையைத் தடவிக் கொடுத்தேன். தெரியவில்லை என்றேன்.

அக்கா, இரண்டு நாள் லீவு கேட்டு எப்படியாவது சனிக்கிழமைக்குள் பஸ் ஏறி வந்துவிடுங்கள். அவளிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன். சொன்ன பிறகு சாய்ந்து அழ அவளுக்கு ஒரு தோள் வேண்டும். அது என்னுடையதாக இருக்காது.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
யோகேஸ்வரி